ஈரல்ல கொழுப்பு எண்டு ரிப்போர்ட் வந்தா: குளிசையா, கீழ்காய்நெல்லியா, ஊசியா, சோத்துச் சுண்டா?

போன ஆவணியில வலது பக்க விலாவுக்குக் கீழ ஒரு பாரம் மாதிரி இருக்குதெண்டு ஸ்கான் எடுக்கப் போனனான். அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு இருந்தது, எனக்கும் அதுவோ எண்டுதான் பயம். கல்லு இல்லை. ஆனா ரிப்போர்ட்டின்ர கடைசி வரியில ஃபற்றி லிவர், கிரேட் 2 எண்டு இருந்தது. வீட்டை வந்து சொன்ன உடன அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீ ஒரு நாளும் குடிச்சதில்லையே பிள்ளை, பிறகெப்பிடி உனக்கு ஈரல் பழுதாகும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப்போட்டுத்தான் மற்றதுக்குப் போகவேணும், ஏனெண்டா இந்த வெக்கத்தாலயே கனபேர் ரிப்போர்ட்டை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போடீனம். குடிச்சாலும் ஈரல்ல கொழுப்புச் சேரும், குடிக்காமலும் சேரும். வயித்தைச் சுத்திக் கொழுப்பு, சுகர், ரத்தத்தில ட்ரைகிளிசரைட் எண்ட கொழுப்புக் கூடினது, பிறசர், இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்பு, இதுகளோட சேர்ந்து வாறதுதான் எங்கட பக்கம் கனக்க. சில மருந்துகளாலயும் வரும், நீண்டநாள் ஸ்டீராய்ட் மாதிரி. 2023 இல வைத்தியர்மார் இந்த வருத்தத்தின்ர பெயரையே மாத்திட்டினம், பழைய பெயரில மதுவைப் பற்றின சொல்லு ஒண்டு இருந்தது, அதை எடுத்துப்போட்டு வளர்சிதை மாற்றக் கோளாறோட சேர்ந்த ஈரல் கொழுப்பு எண்டு வைச்சிருக்கினம். இது அருமையா வாற வருத்தமும் இல்லை. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமப் பக்கம் 2007 இல 35 இலயிருந்து 64 வயசு வரையான ஆக்களைப் பரிசோதிச்சதில 32.6 வீதமான ஆக்களுக்கு இருந்தது, மூண்டு பேரில ஒருத்தர். மெல்லிய ஆக்களுக்கும் வரும், கையும் காலும் குச்சி மாதிரி, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளின ஆக்கள் எங்கட ஊரில எத்தினை பேர்.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்லுறன். ஸ்கான் எடுத்து ரெண்டு கிழமைக்குள்ள நாலு பக்கத்தால நாலு வைத்தியம் வந்து நிண்டது. ஒரு தனியார் கிளினிக்கில ரெண்டு விதக் குளிசை மூண்டு மாசத்துக்கு எழுதித் தந்தினம். மாமி கிணத்தடியில முளைச்ச கீழ்காய்நெல்லியைப் பிடுங்கி அரைச்சு மோரில கலந்து வைச்சிட்டா. கனடாவில இருக்கிற அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஆக்களிட்ட ஈரலுக்கு எண்டு ஒரு போத்தல் கப்சூல் குடுத்து விட்டவர். லண்டனில இருக்கிற மச்சாள் கோல் எடுத்து, தான் போடுற மெலியிற ஊசியைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைச்சவ. ஆரும் கெட்டது நினைச்சுச் சொல்லேல்லை. ஆனா ஒருத்தருமே கேக்காத கேள்வி ஒண்டு இருந்தது, அதைக் கேக்காமல் இதுக்குள்ள எதை எடுக்கிறதெண்டு முடிவெடுக்கவே ஏலாது. கேள்வி இதுதான்: ஈரல்ல தழும்பு விழுந்திட்டுதா, இல்லையா?

ஸ்கான் காட்டுறது கொழுப்பை. கிரேட் 1, 2, 3 எண்டுறது கொழுப்பு எவ்வளவு எண்டுற ஒரு மட்டுமதிப்பு. ஆனா ஆளைக் கொல்லுறது கொழுப்பு இல்லை. கொழுப்பால ஈரல் அழற்சியாகி, அழற்சி ஆறி ஆறித் தழும்பு விழுந்து, அந்தத் தழும்பு முத்தி ஈரல் கல்லு மாதிரி இறுகிறதுதான் ஆபத்து. தழும்பை எஃப் 0 இலயிருந்து எஃப் 4 எண்டு பிரிப்பினம், எஃப் 4 எண்டா சிரோசிஸ். கிரேட் 3 கொழுப்போட தழும்பே இல்லாத ஆக்களும் இருக்கினம், கிரேட் 1 எண்டு போட்டிருக்கிற ரிப்போர்ட்டுக்குப் பின்னால சிரோசிஸ் இருந்த ஆளும் இருக்கு, அது என்ர சித்தப்பா.

சித்தப்பாவுக்குப் பதினெட்டு வருசமாச் சுகர். 63 வயசு. நாலைஞ்சு வருசமா ஒவ்வொரு ஸ்கானிலயும் கிரேட் 1 எண்டு வரும், "இது எல்லாருக்கும் இருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கோ" எண்டு சொல்லி அனுப்பி விட்டவை. போன வருசம் வயித்தில தண்ணி கட்டின பிறகுதான் விசயம் தெரிஞ்சது. பிறகு நான் அவற்ற பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் சொப்பிங் பையில இருந்து எடுத்து மேசையில பரப்பிப் பார்த்தன், மூண்டு வருசத்துக்கு முதலே அந்தக் கடதாசியில எல்லா நம்பரும் இருந்தது, ஒருத்தரும் கூட்டிக் கழிச்சுப் பார்க்கேல்லை. தழும்பு முத்த முத்தக் கொழுப்புக் குறைஞ்சு கொண்டு போகும், அதாலதான் ஸ்கானில கொழுப்புக் கொஞ்சமாத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இப்பவும் நெஞ்சு எரியிற இடம் அது.

தழும்பு இருக்குமா எண்டு கணிக்கிற அந்தக் கணக்குக்கு ஃபிப்-4 எண்டு பெயர். வயசு, ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி எண்ட ரெண்டு ஈரல் நொதி, பிளேற்லெட் எண்ட ரத்தத் தட்டு, இவ்வளவுதான் வேணும், லிவர் ரெஸ்ற்றும் புல் பிளட் கவுண்டும் செய்தா எல்லாம் வந்திடும். பழைய ரிப்போர்ட்டில எஸ்.ஜி.ஓ.ரி, எஸ்.ஜி.பி.ரி எண்டு இருக்கும், அதே சாமான்தான். வயசை ஏ.எஸ்.ரியால பெருக்கவேணும். பிளேற்லெட்டை ஏ.எல்.ரியின்ர வர்க்கமூலத்தால பெருக்கவேணும். முதல் விடையை ரெண்டாவதால பிரிக்கிறது. என்ர கணக்கைச் செய்து காட்டுறன்: வயசு 44, ஏ.எஸ்.ரி 41, பெருக்கினா 1804. பிளேற்லெட் 240 (ரிப்போர்ட்டில 240,000 எண்டு இருந்தா ஆயிரத்தை விட்டிட்டு 240 எண்டு போடவேணும்), ஏ.எல்.ரி 58, அதின்ர வர்க்கமூலம் 7.6, பெருக்கினா 1824. பிரிச்சா 0.99. 1.3 க்குக் கீழ எண்டா முத்தின தழும்பு இருக்கிற சாத்தியம் நல்லாக் குறைவு, 65 வயசு தாண்டின ஆக்களுக்கு 2.0 க்குக் கீழ. 2.67 க்கு மேல போனா உடன ஈரல் பார்க்கிற டொக்டரிட்டப் போகவேணும். சித்தப்பாவின்ர மூண்டு வருசத்துக்கு முந்தின ரிப்போர்ட்டைப் போட்டுப் பார்க்க 4 ஐத் தாண்டிச்சுது. போனில இருக்கிற கல்குலேற்றரில ஒரு நிமிசக் கணக்கு.

நடுவில வந்தா, அதாவது 1.3 க்கும் 2.67 க்கும் இடையில, அடுத்தது ஃபைப்ரோஸ்கான். சாதாரண ஸ்கான் மாதிரித்தான் படுத்திருக்க விலாவுக்கிடையில வைச்சு மெல்லத் தட்டுற மாதிரி ஒரு அதிர்வு விடும், ஈரல் எவ்வளவு இறுக்கம் எண்டதைக் கிலோபாஸ்கலில சொல்லும், 8 க்குக் கீழ எண்டா ஆறுதல், 12 க்கு மேல எண்டா கவலைப்படவேண்டிய விசயம். மூண்டு மணித்தியாலம் வெறும் வயிறாப் போகவேணும். நோவு இல்லை. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இந்த மிசின் இல்லை, அதால கிளினிக் டொக்டரிட்டக் கேட்டு அவை எழுதித் தாற இடத்துக்குப் போங்கோ. ஆனா ஃபிப்-4 குறைவா இருக்கிற ஆள் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் இதுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, அதே மாதிரி ஆறு மாசத்துக்கு ஒருக்கா சாதாரண ஸ்கான் எடுத்துக் கிரேட் 2 கிரேட் 1 ஆச்சா எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறதும் வீண், ஒரே ஆளை ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு கிரேட் சொல்லுவினம். ரத்தம் குடுக்கிறதோட ஈரலைத் தாக்குற வைரஸ் ஹெபற்றைற்றிஸ் பி, சி ரெண்டையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ, கொழுப்பு எண்டு நினைச்சுக்கொண்டு அதைத் தவறவிடக்கூடாது.

இனி அந்த நாலு வைத்தியத்துக்கு வாறன். என்ர நிலைமை கொழுப்பு இருக்கு, தழும்பு இல்லை, கிட்டத்தட்டச் சுகர் வாற வாசலில நிக்கிறன் (மூண்டு மாசச் சுகரைக் காட்டுற எச்.பி.ஏ1.சி 6.1), நிறை 68 கிலோ, உயரம் 156 சென்றிமீற்றர், இடுப்பு 92. எங்கட ஆசிய உடம்புக்குப் பொம்பிளையளுக்கு 80, ஆம்பிளையளுக்கு 90 தாண்டக்கூடாது.

முதல் குளிசை. எழுதித் தந்ததில ஒண்டு உர்சோ, மற்றது சிலிமரின், அண்ணா அனுப்பின கப்சூலும் பார்த்தா அதே சிலிமரின்தான், பெட்டிதான் வடிவு. உர்சோ நல்ல மருந்து, பித்தக் குழாயில வாற ஒரு வருத்தத்துக்கும் சில பித்தக் கல்லுக்கும். ஈரல் கொழுப்புக்கு அதைக் குடுக்கச் சொல்லி வழிகாட்டல்கள் சொல்லேல்லை. சிலிமரின் குடிச்சா ஏ.எல்.ரி கொஞ்சம் இறங்கலாம், ஆனா தழும்பைக் குறைக்குமெண்டு நிரூபணம் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை, காசும் மனசில வாற பொய் ஆறுதலும்தான் பிரச்சினை. குளிசை போடுறன்தானே எண்டு பின்னேரம் ரெண்டு றோல்ஸ் கூடச் சாப்பிடுற ஆக்களை எனக்குத் தெரியும். விற்றமின் ஈ பற்றியும் கேப்பினம். அதுக்கு உண்மையா ஆதாரம் இருக்கு, 2010 இல அமெரிக்காவில வந்த ஆராய்ச்சியில ஒரு நாளைக்கு 800 யூனிற் எடுத்த ஆக்களில 43 வீதம் பேருக்கு ஈரல் அழற்சி குறைஞ்சது, மருந்தில்லாத சும்மா குளிசை எடுத்த ஆக்களில 19 வீதம். ஆனா அது சுகர் இல்லாத, ஈரல்ல துண்டெடுத்துப் பார்த்து அழற்சி உறுதியான ஆக்களில செய்தது. அவ்வளவு கூடின அளவை வருசக் கணக்கா எடுத்தா மூளையில ரத்தம் கசியிறது, ஆம்பிளையளுக்குப் புரோஸ்ற்றேற் புற்றுநோய் எண்டு கவலையும் இருக்கு. பாமசியில கேட்டு வாங்குற சாமான் இல்லை அது. ஏற்கெனவே சுகர் இருக்கிற ஆக்களுக்கு பயோகிளிற்றசோன் எண்டு ஒரு பழைய மலிவான குளிசை ஈரலுக்கும் உதவும், ஆனா நிறை கூடும், கால் வீங்கும், எலும்பு மெலியும், அதை டொக்டர்தான் நிறுத்துப் பார்க்கவேணும். மெற்ஃபோர்மின் சுகருக்குத்தான், ஈரல் கொழுப்புக்கெண்டு தனியா ஒண்டும் செய்யாது. இன்னொண்டு, கொலஸ்ட்ரோலுக்குப் போடுற ஸ்டற்றினை "ஈரலுக்குக் கூடாது" எண்டு தாங்களே நிப்பாட்டுற ஆக்கள் எங்கட ஊரில கனக்க. நிப்பாட்டாதேங்கோ. ஈரல் கொழுப்பு உள்ள ஆக்களில கனபேர் சாகிறது மாரடைப்பால, ஈரலால இல்லை.

கீழ்காய்நெல்லி. மாமிக்கு நான் இதைச் சொல்லக் கஷ்டப்பட்டனான், ஏனெண்டா அவ செய்தது அன்பில. செங்கமாரிக்கு, அதுதான் மஞ்சள் காமாலைக்கு, காலங்காலமாக் குடுத்து வந்த மூலிகை, அதை நான் குறைச்சுக் கதைக்கேல்லை. ஆனா செங்கமாரி வேறை, ஈரல்ல கொழுப்பு வேறை. வைரசால வாற செங்கமாரி கனபேருக்குத் தானாவே மாறும், குடிச்ச மருந்துக்குப் பெயர் போகும். கொழுப்பு அப்பிடித் தானா மாறாது, அதைக் கீழ்காய்நெல்லி கரைக்குமெண்டு காட்டினதும் இல்லை. என்ர பயம் கீழ்காய்நெல்லியில இல்லை, அதுக்குப் பின்னால வாற தூள் பைக்கற்றுகளில. சீந்தில் நல்லதெண்டு கொரோனா நேரம் எல்லாரும் குடிச்சு, மும்பாயில சில பேருக்கு ஈரலே பழுதாகினதை 2021 இல டொக்டர்மார் எழுதி வெளியிட்டவை. அமுக்கிராக் குளிசை, மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் கப்சூல், கிறீன் ரீ சாறு, இதுகளாலயும் ஈரல் அழற்சி வந்த ஆக்கள் இருக்கினம். கறிக்குப் போடுற மஞ்சளைச் சொல்லேல்லை. சித்த வைத்தியத்தில நம்பிக்கை எண்டா கைதடியில சித்த போதனா வைத்தியசாலை இருக்குது, படிச்ச வைத்தியர்மார் இருக்கினம், அங்கை ரிப்போர்ட்டோட போங்கோ, ரெண்டு பக்கமும் ஒளிக்காமல் சொல்லுங்கோ, தொடங்க முதலும் ஆறு கிழமை கழிச்சும் ஏ.எல்.ரி பாருங்கோ. பெயர் இல்லாத தூளை மட்டும் வேண்டாம்.

ஊசி. இதில மச்சாள் சொன்னது பொய் இல்லை. செமக்ளூட்டைட் எண்ட அந்த ஊசியை ஈரல் அழற்சிக்கெண்டு 2025 ஆவணியில அமெரிக்காவில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ அங்கீகரிச்சது. அதுக்கு அடிப்படையா இருந்த ஆராய்ச்சியில 72 கிழமை போட்ட ஆக்களில 63 வீதம் பேருக்கு அழற்சி போயிருக்கு, சும்மா ஊசி போட்ட ஆக்களில 34 வீதம். தழும்பு குறைஞ்சது 37 வீதம் பேருக்கு, மற்றப் பக்கம் 22. இதுவரைக்கும் வந்ததில பெரிய விசயம்தான். அதுக்கு முதல் 2024 பங்குனியில ரெஸ்மெற்றிரோம் எண்டு ஒரு குளிசையையும் அங்கீகரிச்சவை. ஆனா ரெண்டுமே எஃப் 2, எஃப் 3 தழும்பு இருக்கிற ஆக்களுக்கு. என்னை மாதிரித் தழும்பு இல்லாத ஆளுக்கு ஈரலுக்கெண்டு இல்லை. சுகரும் நிறையும் கூட எண்டா அதுக்காகப் போடலாம், அது வேறை கதை, அதுக்கு வேறை டொக்டர். ஓங்காளம், சத்தி, மலச்சிக்கல், பித்தக் கல்லு எண்டு பக்க விளைவு இருக்கு, கொழுப்போட சேர்த்துத் தசையும் கரையும், விட்டா நிறை திரும்ப ஏறும், அதால கன வருசம் காசு கட்ட வழி இருக்கிற ஆக்கள்தான் யோசிக்கவேணும். ஒண்டை மட்டும் கெஞ்சிக் கேக்கிறன், வெளிநாட்டில இருந்து சூட்கேசில கொண்டுவந்து தாறம் எண்டா வாங்காதேங்கோ. பாவிக்க முதல் 2 இலயிருந்து 8 பாகைக்குள்ள குளிர்ல இருக்கவேண்டிய சாமான், பிளேனால இறங்கி ஏழெட்டு மணித்தியாலம் வானில யாழ்ப்பாணம் வந்து சேரேக்க அது மருந்தா இருக்குமா எண்டு ஆருக்குத் தெரியும்.

அப்ப எனக்கு மிஞ்சினது சாப்பாடும் நடையும். வேறை வழியில்லாமல் எடுத்ததெண்டு நினைக்காதேங்கோ, நம்பர்களைப் பாருங்கோ. நிறையில 5 வீதம் குறைச்சா ஈரல் கொழுப்புக் குறையும், 7 தொடக்கம் 10 வீதம் குறைச்சா அழற்சி குறையும், 10 தாண்டினா தழும்பே பின்வாங்கத் தொடங்கும். எனக்கு 5 வீதம் எண்டா 3.4 கிலோ, 10 வீதம் எண்டா 6.8 கிலோ. இதுக்குக் கிட்ட வாற குளிசை ஒண்டும் அந்தப் பெட்டியளுக்குள்ள இல்லை.

ஆனா எப்பிடிக் குறைக்கிறது எண்டதில திரும்பவும் நாலு வழி வந்து நிக்கும். குரக்கனுக்கு மாறுறது, சோத்தையே விடுறது, விரதம் மாதிரி நேரம் பார்த்துச் சாப்பிடுறது, இருக்கிறதைக் குறைக்கிறது. நான் முதல் குரக்கனுக்குத்தான் மாறினனான். ஒரு மாசம் காலமையும் இரவும் குரக்கன் புட்டு, நிறை அரைக் கிலோ கூட இறங்கேல்லை. பிறகு இருந்து யோசிச்சா, குரக்கன் மாவிலயும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் கிட்ட மாச்சத்துத்தான், வெள்ளை அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்து, கல்சியம் கூட, பசி தாங்கும், அது உண்மை, ஆனா மூண்டு நீத்துப்பெட்டி அவிச்சுத் தேங்காய்ப்பூவும் மாம்பழமும் சேர்த்துச் சாப்பிட்டா எந்த மாவும் ஒண்டுதான். மொட்டைக்கறுப்பன் அரிசிக்கும் இதே நியாயம். அரிசியின்ர நிறத்தைப் பார்க்க முதல் கோப்பையின்ர அளவைப் பார்க்கவேணும்.

சோத்தை முற்றா விடுற வழி, கீற்றோ எண்டுறது, ஈரல் கொழுப்பைக் கெதியாக் குறைக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா எங்கட வீட்டில ஆறு பேருக்கு ஒரு அடுப்பில சமையல், வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாதிச் சனி சைவம், ஐப்பசியில கந்தசஷ்டி. மச்சமும் முட்டையும் கொழுப்பும் மட்டும் சாப்பிடுற முறை இந்த வீட்டுக்குள்ள எத்தினை நாளைக்கு நிக்கும். சில பேருக்கு அதில கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறும் வேறை. கிழமைக்கு ஒண்டரைக் கிலோவுக்கு மேல பட்டெண்டு மெலிஞ்சா ஈரலுக்கும் கூடாது, பித்தக் கல்லும் வரும்.

விரதம் எங்கட ஆக்களுக்குப் பழக்கம், அதால நேரம் பார்த்துச் சாப்பிடுறது சிலருக்கு லேசு. எட்டு மணித்தியாலத்துக்குள்ள சாப்பாட்டை முடிக்கிற முறையையும் சும்மா அளவு குறைக்கிற முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தா, மொத்தக் கலோரி ஒண்டெண்டா விளைவும் கிட்டத்தட்ட ஒண்டு. உங்களுக்கு எது சுகமோ அது. பின்னேரம் விரதம் முறிக்கேக்க வடை பாயாசம் எண்டு எல்லாத்தையும் சேர்த்துச் சாப்பிட்டா அது விரதத்தின்ர பிழையில்லை. இன்சுலின் போடுற, கிளிக்ளசைட் மாதிரிச் சுகர் குளிசை எடுக்கிற ஆக்கள் டொக்டரைக் கேக்காமல் பட்டினி கிடக்கக்கூடாது, சுகர் இறங்கி மயங்கி விழுவினம்.

நான் கடைசியில பிடிச்சது நாலாவது வழி. எங்கட வீட்டில அரிசி அளக்கிறது சுண்டாலதான், பழைய பால்மாப் பேணி, விளிம்பு நெளிஞ்சு அடியில கறள் பிடிச்சது, அம்மா கலியாணம் செய்த காலத்தில இருந்து இருக்கு. மத்தியானச் சோத்துக்கு நாலு சுண்டு போடுறவ, அதுவும் மேல குவிச்சு. அதை மூண்டாக்கி, விரலால தட்டி மட்டமா அளக்கச் சொன்னன். அம்மாவுக்கு முதல் கிழமை கண் கலங்கிட்டுது, "ஆரும் வந்தா சோறில்லாமல் போயிடும்" எண்டு. சோறு குறைஞ்ச இடத்தில கோப்பையில பாதிக்கு மரக்கறி: முருங்கையிலை வறை, வாழைப்பொத்தி, பயத்தங்காய், வல்லாரைச் சம்பல். பருப்புக் கொஞ்சம் கூட. சூடை மீனும் கீரி மீனும் பொரிக்காமல் புளி விட்டு அவிச்சது. தேங்காயை நான் நிப்பாட்டேல்லை, நிப்பாட்டச் சொன்னா யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் கேக்க மாட்டினம், ஆனா நிறைகொழுப்புக் கூடினா ஈரல்ல கொழுப்புக் கூடும் எண்டதும் உண்மை, அதால சொதிக்கு முதற்பால் சேர்க்காமல் ரெண்டாம் பால் மட்டும், ஒரு தேங்காயில ரெண்டு நாள் சமையல்.

ஆனா எல்லாத்தையும் விடப் பலன் தந்தது தேத்தண்ணி. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில இருந்து வந்து இருந்து எண்ணிப் பார்த்தன்: காலமை ஒண்டு, இடைவேளைக்கு ஒண்டு, வீட்டை வந்தோண்ண ஒண்டு, பின்னேரம் ஒண்டு, ஆரும் வந்தா அவையோட ஒண்டு. ஒரு கோப்பைக்கு ரெண்டு கரண்டிப்படி பத்துக் கரண்டிச் சீனி, நாப்பது கிராமுக்கு மேல. சீனியில பாதி ஃபிரக்ரோஸ், அதைப் பெரும்பாலும் ஈரல்தான் கையாளவேணும், மிஞ்சினதைக் கொழுப்பாக்கும். சோடாவும் பழச்சாறும் இதே வேலையைத்தான் செய்யும், போத்தலில சீனி கூட எண்டு சிவப்பு அடையாளம் போட்டிருந்தா வைச்சிட்டு வாங்கோ. பழத்தைக் கடிச்சுத் தின்னுறது பிரச்சினையில்லை. பனங்கட்டி கடிச்சுக் குடிச்சா பாதகமில்லை எண்டு நானும் நம்பிக்கொண்டு இருந்தனான், எங்கட பனை எண்ட பாசம், ஆனா ஈரலுக்கு அதுவும் சீனிதான். இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மல்லியும் சுக்கும் போட்டு இடிச்ச கோப்பி, சீனியில்லாமல். கோப்பி குடிக்கிற ஆக்களுக்கு ஈரல் தழும்பு குறைவா இருக்கிறதாக் கன ஆய்வுகளில தெரிஞ்சிருக்கு, எனக்கு அது ஒரு சந்தோசம்.

நடை கிழமைக்கு 150 நிமிசம், கொஞ்சம் மூச்சு வாங்குற வேகத்தில. நிறை இறங்காட்டியும் நடக்கிறதால மட்டும் ஈரல் கொழுப்புக் குறையும், அதால தராசைப் பார்த்து மனம் விடக்கூடாது. நான் காலமை அஞ்சரைக்கு நல்லூர் வீதியைச் சுத்தி, சனி ஞாயிறு என்ர மனுசனோட பண்ணைக் கடற்கரை. முழங்கால் நோகிற ஆக்கள் கதிரையில இருந்து எழும்பி இருக்கிறதைப் பத்துத் தரமாச் செய்தாலும் தசைக்கு வேலைதான்.

இவருக்கும் சேர்த்து ஒண்டு. கிழமையில ஒரு நாள் தவறணைக்குப் போறவர், கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி எண்டு சொல்லுவார். ஈரல்ல கொழுப்பு இருக்கிற ஆள் குடிக்கிறது எரியிற நெருப்பில எண்ணெய் ஊத்துற மாதிரி, ரெண்டு காரணமும் சேர்ந்து தழும்பைக் கெதியாக்கும், தழும்பு விழுந்த ஆளுக்கு ஒரு சொட்டும் பாதுகாப்பில்லை. அவற்ற ரெஸ்ற் இன்னும் செய்யேல்லை, அடுத்த மாசம் எண்டு சொல்லியிருக்கிறார், நான் திகதி குறிச்சு வைச்சிருக்கிறன்.

என்ர கணக்கு: அஞ்சு மாசத்தில 68 இல இருந்து 63.4. ஏ.எல்.ரி 58 இல இருந்து 34. இடுப்பு 86, இன்னும் ஆறு சென்றிமீற்றர் கிடக்கு. குளிசை ரெண்டையும் முதல் மாசத்தோட விட்டிட்டன், டொக்டரிட்டச் சொல்லித்தான் விட்டனான். ஃபிப்-4 ஐ ஒண்டு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத் திரும்பப் பார்க்கவேணும், சுகர் வாசலில நிக்கிற ஆள் எண்டபடியால்.

சித்தப்பா இப்ப கிளினிக்கில ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கான், தொண்டையால கமெரா விட்டு ரத்த நாளம் வீங்கியிருக்கா எண்டு பார்க்கிறது எண்டு ஓடிக்கொண்டு இருக்கிறார். அவருக்கு உப்புக் குறைச்சுச் சாப்பாடு, மெலியச் சொல்லுறது இல்லை, உரம் குறையாமல் மீன் முட்டை கூடச் சாப்பிடச் சொல்லியிருக்கினம், அவற்ற வழி வேறை. போன கிழமை அவற்ற மகள், என்ர தங்கச்சி, தன்ர ரத்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில அனுப்பி "அக்கா, எனக்கும் அந்தக் கணக்கைச் செய்து சொல்லுங்கோ" எண்டு கேட்டவள். அவளுக்கு 33 வயசு. 35 க்குக் கீழ அந்தக் கணக்குச் சரியாக் காட்டாது. அதால இடுப்பை அளந்து, சுகரும் பார்த்து, தகப்பன்ர ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, திங்கள் கிளினிக்குக்கு நானும் கூட வாறன் எண்டு சொல்லியிருக்கிறன்.